ராகு காலத்தில் மூன்று போல்ட்

எங்கள் வீட்டில் ராகு காலம் பார்க்காமல் ஊசியில் நூல்கூடக் கோக்க மாட்டார்கள். லிட்டில் இந்தியா மளிகைக்கடையில் கொடுத்த தினக்காலண்டர் சமையலறைக் கதவில் தொங்கும். அப்பா அதைப் பார்த்துவிட்டுத்தான் முடிவெட்டவே போவார். நானும் இன்றுவரை அப்படித்தான். என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். ஆனால் அந்தக் காலண்டரைக் கிழித்தெறியலாம் என்று எனக்கு ஒருநாள் ஆத்திரம் வந்தது. எனக்குப் பத்து வயது நிரம்பிய வாரம், ஞாயிற்றுக்கிழமை.

பத்து வயதானால்தான் மோட்டார்சைக்கிளில் பின்னால் உட்காரலாம் என்பது இந்த ஊர்ச் சட்டம். அதற்காகவே நான் காத்துக்கொண்டிருந்தேன். அந்த வாரம் பார்த்து அப்பா தன் வண்டிக்கென்று தனியாகச் சொல்லித் தைத்த சீட் ஒன்றை வாங்கிவந்தார். அகலமாக, மெத்தென்று, பின்னால் முதுகு சாய ஒரு சாய்மானத்தோடு. என் பிறந்தநாளுக்குத்தான் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். யாரும் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

சீட் அம்மாவுக்கு. மூன்று வாரத்துக்கு ஒருமுறை திங்கட்கிழமை காலையில் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து ஏற்றிக்கொண்டு வருவார். டாக்சியில் கண்ணாடியை ஏற்றினாலே வாந்தி வந்துவிடும். வெளிக்காற்று பட்டால் தாங்குவார், ஆனால் நிமிர்ந்து உட்காரத் தெம்பில்லை. எனக்குச் சொல்லியிருந்தது தலைசுற்றல் என்று மட்டும். அம்மா மொட்டைத் தலையாக இருப்பது முருகனுக்கு வேண்டுதல் என்றார்கள். நான் அதைப் பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மறுநாள் அப்படி ஒரு திங்கட்கிழமை.

ஆங் மோ கியோவில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே, கார் பார்க்கில், மதியம் ஒரு மணிக்கு அப்பாவும் சித்தப்பாவும் பழைய சீட்டைக் கழற்றினார்கள். சித்தப்பாவுக்குக் கப்பல் பட்டறையில் வேலை. இரும்பைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்பார். புதுச் சீட்டின் அடியில் நான்கு துளை, வண்டிச் சட்டத்தில் நான்கு துளை. மூன்று பொருந்தின. நான்காவது அரைவிரல் தள்ளி நின்றது. அளவெடுத்துக் கொடுத்தவர் சித்தப்பா.

"நான் கரெக்டாத்தான் எடுத்தேன்ணே. உங்க வண்டிதான் கோணல் லா."

"இவ்வளவு வருஷமா ஓட்டுறேன், நேராத்தான்டா போகுது."

அரத்தால் ராவினார்கள். வைத்துப் பார்த்தார்கள். எடுத்து மறுபடி ராவினார்கள். ஒரு வாசர் வளையம் உருண்டு சாக்கடைக்குள் போனது. அதைத் தேடி அரைமணி நேரம். அம்மா தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு தேநீரோடு இறங்கிவந்தார்.

"ஒரு சீட் மாட்ட ரெண்டு ஆம்பளைங்க, மூனு மணி நேரம். நான் நடந்தே போயிருவேன் போல."

கடைசியில் துளை பொருந்தியபோது நாலரைக்கு இரண்டு நிமிடம்தான் இருந்தது. நாலரைக்கு ராகு காலம். அப்பா அவசர அவசரமாக வலது பின்பக்கம் ஒரே ஒரு போல்ட்டைக் கைவிரலால் திருகிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஆரம்பிச்சாச்சு. மிச்சம் மூனும் ஆறு மணிக்கு மேல."

"அண்ணே, அஞ்சு நிமிஷ வேலை."

"இந்த சீட்டை ராகு காலத்துல முடுக்க மாட்டேன்னா மாட்டேன்."

சித்தப்பா ஸ்பேனரைக் கீழே போட்ட சத்தம் நாலாவது மாடிவரை கேட்டிருக்கும். அம்மா மேலே போய்விட்டார். அவர்கள் இருவரும் சண்டையைத் தொடரக் காப்பிக்கடைக்குப் போனார்கள். சாமான்களைப் பார்த்துக்கொள் என்று என்னை நிறுத்தினார்கள்.

ஒன்றரை மணி நேரம் யாரால் நிற்க முடியும்? என்னுடைய சீட்டில் நான் உட்கார எனக்கெதற்கு நல்ல நேரம் என்று ஏறிவிட்டேன். ராணி மாதிரி முதுகைச் சாய்த்தேன். சீட்டின் முன்பக்கம் மேலே எழும்ப, அந்த ஒற்றைப் போல்ட்டைச் சுற்றி அப்படியே திரும்பி, என்னைச் சிமெண்டில் தள்ளிவிட்டுத் தானும் தொங்கியது. முழங்கையில் தோல் உரிந்து ரத்தம்.

என் அலறல் கேட்டு அப்பா ஓடிவந்தார். நான் எழுந்து உட்கார்ந்ததைப் பார்த்ததும் நேராகச் சீட்டிடம் போனார். சாய்மானத்தைப் பிடித்து ஆட்டினார். அது மறுபடி மல்லாந்தது. அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. ஸ்பேனரைக் கையில் எடுத்தார்.

"அப்பா, இன்னும் ராகு காலம் முடியலை" என்றேன். வேண்டுமென்றேதான்.

அவர் மிச்சம் மூன்று போல்ட்டையும் போட்டார். நான்கையும் முடுக்கினார். ஸ்பேனர் இரண்டுமுறை வழுக்கியது. பின்னாலேயே வந்த சித்தப்பா சீட்டைப் பிடித்துக்கொண்டார். பிறகு அப்பா ஏறித் தன் முழுக் கனத்தையும் சாய்த்துப் பார்த்தார், சித்தப்பாவையும் சாயச் சொன்னார். அதன் பிறகு அம்மாவைக் கீழே கூப்பிட்டு உட்காரவைத்தார். என்னை அல்ல.

அம்மா சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "நல்லா இருக்குங்க. தூங்கிருவேன் போலிருக்கு." இறங்கியபின்தான் என் கையைப் பார்த்தார். தலைத்துணியின் நுனியால் ரத்தத்தை ஒற்றிக்கொண்டே, "உனக்கென்னடி அவசரம்? அது எங்க போயிரப் போகுது" என்றார்.

அன்று விளக்கு வைத்ததும் நான் பிள்ளையார் முன்னால் நின்று கோள்மூட்டினேன். அப்பா ராகு காலத்தில் மூன்று போல்ட் போட்டார், அவரை ஒன்றும் செய்துவிடாதே, ஆனால் அந்தச் சீட்டை மட்டும் எனக்கே கொடுத்துவிடு என்று காதைப் பிடித்துத் தோப்புக்கரணம் போட்டு வேண்டிக்கொண்டேன். பக்கத்தில் அம்மா கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த தைப்பூசத்துக்குள், அதில் சாய அம்மா இல்லாமல், சீட் எனக்கே வந்துவிட்டது. அன்று கேட்டது என்னவென்று, கேட்ட எனக்குத்தான் தெரிந்திருக்கவில்லை.