பள்ளிவாசல் பனியும் ஒரு நேரடி வர்ணனையும்

மலைமேல் இருக்கிற பள்ளிவாசல் தேயிலை எஸ்டேட் கால்பந்து இறுதியாட்டத்தின் முதல் பாதியை நேயர்கள் யாரும் கேட்கவில்லை. கேட்க ஒன்றும் இல்லை, நாங்கள் பேசவில்லை.

விளையாட்டு ஒலிபரப்பு என்றால், மைதானத்துக்கு வராதவனுக்கு மைதானத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. மின்சாரம், தொலைபேசிக் கம்பி, வானிலை, வர்ணனையாளர் எல்லாம் ஒரே நாளில் ஒழுங்காக இருந்தால் கொடுக்கலாம். அப்படி ஒரு நாளை நான் பார்த்ததில்லை. எழுபதுகளில் வானொலியில் வெளி ஒலிபரப்பு அதிகாரியாகத் தொடங்கி, பிறகு தொலைக்காட்சி விளையாட்டுப் பிரிவின் தலைமை நாற்காலிவரை போனேன். நாற்காலியில் நடந்தது எதுவும் சொல்லும்படி இல்லை. முந்தியதைச் சொல்கிறேன். மேலதிகாரி வாய்த்தவர்கள் எல்லோருக்கும் புரியும்.

மோட்டார் ரூம்

கிழக்குப் பாலக்காட்டில் ஒரு கபடிப் போட்டி. எங்கள் ஆம்ப்ளிஃபையருக்குக் கரண்ட் வேண்டும். பக்கத்துத் தோட்டத்துப் பழனிச்சாமி தம் மோட்டார் ரூமிலிருந்து ஒயர் இழுத்துக்கொள்ளச் சொன்னார். மோரும் கொடுத்தார். நல்ல மனிதர்.

ஆட்டம் முடியப் போகிறது, இரண்டு பக்கமும் சமம். அதுவரை மோட்டாரை அசைக்கக்கூடச் சக்தியில்லாமல் மங்கிக் கிடந்த கரண்டுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. பழனிச்சாமி விறுவிறுவென்று வந்து மோட்டாரைப் போட்டார். வாய்க்காலில் தண்ணீர் வந்தது; வானொலியில் எங்கள் குரல் போயிற்று. யார் ஜெயித்தார்கள் என்று நேயர்களுக்குத் தெரியவே இல்லை. ஓடிப்போய்க் கேட்டேன். அவர் மடையைத் திருப்பிக்கொண்டே சொன்னார்: "ஏனுங்க, கபடி அடுத்த வருசமும் ஆடுவாங்க. எம்பட நெல்லு அது வரைக்கும் தண்ணி குடிக்காம நிக்குமுங்களா?"

மிளகு விலை

எங்கள் நிலைய இயக்குநர் மலையாளி. தமிழ் நன்றாகப் பேசுவார். கோபம் வந்தால் பாதி வாக்கியத்தில் ஊர் திரும்பிவிடுவார். கபடிக்குப் பிறகு என்னைக் கூப்பிட்டார்.

தவறு செய்கிறவர்களுக்கு நிலையத்தில் ஒரு இடம் உண்டு. ஜன்னல் இல்லாத அறை. கொப்பரை, மிளகு, கொட்டைப்பாக்குக்கு அன்றன்றைய சந்தை விலை வாசிக்க வேண்டும். அங்கே போனவர் யாரும் திரும்பி வந்ததில்லை. பழைய ஆள் ஒருவர் பெண்டாட்டியிடமே குவிண்டால் கணக்கில்தான் பேசுவார் என்று சொல்வார்கள். எனக்கு வெயிலும் கூட்டமும் வேண்டும். அந்த அறையில் செத்துப்போவேன். இயக்குநருக்கும் அது தெரியும். அடுத்த வேலை பள்ளிவாசல் இறுதியாட்டம். நிதானமாகச் சொன்னார்: "எடோ, பள்ளிவாசல்லயும் குழப்பம் வந்தா வெளியே போனதெல்லாம் மதி, நிறுத்திக்கோ. மறுநாள் முதல் உள்ளே இருந்து மிளகு விலை வாயிச்சாப் போதும்."

கல்பாத்தியில் காபி

பள்ளிவாசலுக்கு வர்ணனையாளராகக் கல்பாத்தி வைத்தியநாதனைப் பிடித்தேன். பள்ளிக்கூட வாத்தியார். மற்றவர்கள் இல்லாததையும் சேர்த்துச் சொல்வார்கள். இவர் சேர்க்க மாட்டார். பந்து வெளியே போனால் போயிற்று என்பார். மயிரிழையில் போயிற்று என்று சொல்லவே மாட்டார். கலப்படமில்லாத ஆள், தப்பு வராது என்று நம்பினேன்.

வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். தலையை ஆட்டினார். அவ்வளவுதான். காபி கொண்டுவந்து வைத்த மாமி என்னைப் பார்த்துச் சொன்னாள்: "ஆத்துல இவர் நாளைக்கு நாலு வார்த்தை பேசினா அதிகம். மலையேறிப் போய் ஒன்றரை மணி நேரம் பேசப் போறாராக்கும். ரேடியோவைத் தொடச்சு வைக்கறேன், கல்யாணம் ஆனதுலேர்ந்து கேக்காததை எல்லாம் கேட்டுக்கறேன்."

கோலியின் பெண்டாட்டி

எஸ்டேட்டின் மேல் டிவிஷன் அணிக்கும் பாக்டரி அணிக்கும் இறுதியாட்டம். விசில் ஊதியதும் பள்ளத்திலிருந்து பனி ஏறி வந்து மைதானத்தை மூடிவிட்டது. ஆட்டத்தை நிறுத்துவார்கள் என்று பார்த்தேன். நடுவர் எங்கள் மேசைப் பக்கம் ஓடிவந்து, "இதுக்கு நிறுத்துனா இங்க வருசம் பூரா ஆட முடியாது, சார்," என்று சொல்லிவிட்டுப் பனிக்குள் போய்விட்டார்.

வைத்தியநாதன் மைக்கில், "பனி மூடியிருக்கிறது," என்றார். வெகுநேரம் கழித்து, "இன்னும் இருக்கிறது," என்றார். நான் மைக்கைப் பொத்திக்கொண்டு, "எதையாவது சொல்லும் ஓய்," என்றேன். "காணாததை நான் சொல்ல மாட்டேன். வேணும்னா நீரே சொல்லும்," என்றார். என் ஹெட்போனில் நிலையத்திலிருந்து இயக்குநர் மூச்சு விடுவது கேட்டது. முதல் பாதி இப்படியே போயிற்று.

இடைவேளையில், எங்களுக்குப் பின்னால் கம்பளியைத் தலையோடு போர்த்தி நின்ற ஒருத்தி வைத்தியநாதனிடம் வந்தாள். மேல் டிவிஷன் கோலியின், அதாவது கோல்கீப்பரின், பெண்டாட்டி. "ஏன் சாமி, கண்ணுக்குத்தான் பனி. காதுலயும் பனியா? அவனவன் தொண்ட கிழியப் பேரச் சொல்றானே, கேக்கலையா?"

அப்போதுதான் காது கொடுத்தேன். பனியில் கொழுந்து எடுக்கும்போது பக்கத்து நிரைக்கு ஆள் தெரிய அவரவர் பேரை அவரவரே கூவிக்கொள்வது அங்கே வழக்கம். பந்தாட்டத்திலும் அப்படித்தான். பந்து யார் காலுக்கு வருகிறதோ அவன் தன் பேரைக் கூவுகிறான்.

இரண்டாம் பாதியில் வைத்தியநாதன் கேட்ட பேரைச் சொன்னார். எந்த அணி என்பதுதான் தெரியவில்லை. அதை அவள் சொன்னாள். "மாடசாமி," என்பார். "நம்மாளு," என்பாள். "குருசாமி." "அவுக ஆளு, வெளங்காதவன்." மைக் இருவருக்கும் நடுவில். கோல் என்று அவள் இரண்டு தரம் கத்தினாள். இரண்டும் நம்மாளு.

ஆட்டம் முடிந்து நடுவர் வந்து, இரண்டுக்கு ஒன்று என்றார். வைத்தியநாதன் அவள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, அவா ஒண்ணு போட்டிருக்காளாமே?" என்று கேட்டார். மைக் அணையவில்லை. அவள் கம்பளியை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னாள்: "அது எங்க வீட்டுக்காரரு காலுக்கு நடுவுல போனது, சாமி. அத ஊரு ஒலகத்துக்கெல்லாம் சொல்லணுமாக்கும்?"

வைத்தியநாதன் கணக்கைத் திருத்திச் சொல்லி முடித்தார். மிளகு அறை என் கண்முன் நின்றது. பிறகு ஹெட்போனில் இயக்குநர் இருமினார், சிரித்திருக்கிறார். "எடோ, அடுத்த ஃபுட்பால் களிக்கும் அந்தச் சேச்சியைக் கூட்டிட்டு வா. வாத்தியார் வேணும்னா வரட்டும்."

என்னை நாற்காலிவரை ஏற்றிவிட்டது தாங்கள்தான் என்று பிற்பாடு பல பேர் மேடையில் சொல்லிக்கொண்டார்கள், நானும் மாலை போட்டேன், ஆனால் மிளகு விலை வாசிக்காமல் நான் தப்பித்தது மேல் டிவிஷன் கோலியின் பெண்டாட்டி ஆவுடையம்மாளால்.