ஹோனாமியின் இறங்காத பந்து

எண்ணெய்ச் சட்டியில் மீன்வடையைத் திருப்பிப் போடும் கையை ஹோனாமி பார்ப்பதில்லை. காலையும் பார்ப்பதில்லை, அது தன்பாட்டுக்குப் பந்தைத் தட்டிக்கொண்டிருக்கும். ஒருநாள் பந்து சட்டிக்குள் விழுந்து பொன்னிறமாகப் பொரிந்ததாம், அதையும் ஒருவர் வாங்கித் தின்றுவிட்டாராம். ஜப்பானின் உவாஜிமா துறைமுகத்தில் இப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள். வடையின் ருசி தெரிந்தவர்கள் நம்பிவிடுவார்கள்.

நாட்டின் பெண்கள் கால்பந்து அணியில் ஒன்பது வருடம் தடுப்பாட்டம் ஆடியவள். தோள் அகலம், குரல் அதைவிட அகலம். ஒரு கோப்பைப் போட்டியின் அரையிறுதியில் கடைசிப் பெனால்டியை அவள்தான் உதைத்தாள். பந்து கம்பத்துக்கு மேலே, கூரைக்கு மேலே, மேகத்தையும் கிழித்துக்கொண்டு போனது. அணி தோற்றது.

அன்றிலிருந்து ஊர் வாயை மூடிக்கொண்டது. அவள் மனம் புண்படக் கூடாதாம். ஊர்ப் பொதுக் குளியல்கூடத்தில் அவள் தலை தெரிந்தால் பேச்சு சிப்பி விலைக்குத் தாவும். மீனவர் சங்கத் தலைவர் கென்ஸோ, அவள் கடையில் பந்தாட்டம் ஓடினால் எழுந்துபோய்த் தொலைக்காட்சியை அணைத்துவிடுவார். பதினெட்டு வருடம் இப்படியே போனது.

"அத்தை, நான் என்ன கொலையா பண்ணிட்டேன்? செத்துப்போனவளைப் பத்திப் பேசாத மாதிரியில்ல பேசாம இருக்காங்க!" என்று மாமியார் மிட்சுயேயிடம் பொருமுவாள்.

போன குளிர்காலத்தில் மிட்சுயே, மருமகள் வடை சுடும் அழகைக் கைபேசியில் பிடித்து இணையத்தில் போட்டாள். கீழே ஒசாகாக்காரன் ஒருவன் எழுதினான்: "அக்கா, அந்தப் பந்து இன்னும் இறங்கலையா?"

ஹோனாமி சிரித்த சிரிப்பில் கரண்டி கீழே விழுந்தது. "இறங்கலை தம்பி. நேத்து மழையில நல்லா நனைஞ்சிருக்கும்" என்று பதில் போட்டாள். பிறகென்ன, மூன்று லட்சம் பேர் பின்னால் வந்துவிட்டார்கள். தினமும் கிண்டல், தினமும் பதிலடி. ஊர்க்காரர்களும் ஒன்றுவிடாமல் பார்த்தார்கள், போர்வைக்குள். கடைக்கு வந்தால் சிப்பி விலைதான்.

"எங்கியோ இருக்கிறவன் கேக்குறான். நம்ம ஊர்ல ஒருத்தருக்காவது வாய் திறக்குதா?" வடை மாவைப் பிசையும்போது அவள் கண் கலங்கியதை மிட்சுயே பார்த்தாள்.

போன ஞாயிறு கடைவாசலில், மிட்சுயே பிடித்திருந்த கைபேசியில் நேரலை. வெளியூர்க் கூட்டம் வரிசை கட்டி நின்றது. வரிசையில் நின்ற இளைஞன் ஒருவன் பக்கத்திலிருந்த கென்ஸோவைச் சீண்டினான்: "பெரியவரே, அக்கா வானத்துக்கு உதைச்சாங்களே, அது உங்களுக்குத் தெரியுமா?"

மீன்கடைப் பெண்கள் தலை குனிந்தார்கள். கென்ஸோ தொண்டையைச் செருமினார், இருமினார், ஹோனாமியை ஒரு பார்வை பார்த்தார்.

"தெரியுமாவா? டேய், அது எங்க ஊர்ப் பொண்ணு உதைச்ச உதை! அந்த உயரத்துக்கு உங்க ஊர்ல எவன்டா உதைச்சிருக்கான்? எவனையாவது உதைக்கச் சொல்லு பாப்போம்!"

"ஆமா, என் படகுக்கு மேலதான் போச்சு. கொக்கெல்லாம் ஒதுங்கி வழி விட்டுச்சு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"பொய் சொல்லாதீங்க மாமா. அன்னிக்கு நீங்க கடலுக்கே போகல!" என்றாள் மீன்கடைக்காரி ஒருத்தி. பதினெட்டு வருடச் சிரிப்பு ஒரேயடியாக வெடித்தது.

ஹோனாமி அடுப்பைத் தணித்தாள். முன்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாமியாரிடமிருந்து கைபேசியை வாங்கி, அதுவரை தன்னையே காட்டிக்கொண்டிருந்த அதை அந்தத் தெருவின் பக்கம் திருப்பி உயர்த்திப் பிடித்தாள்.