விண்கலத்துக்குப் பேச்சுத் துணை

கோவில்பட்டி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் நான் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தபோது, மத்தியானங்களில் ஒருவர் வருவார். லாரி ஓட்டியவர் என்பது மட்டும் தெரியும். இடது கை முழங்கையில் மடங்கியபடியே நின்றுவிட்டது; இனி ஸ்டீயரிங் பிடிக்காது.

வந்ததும் விண்கலம் ஓட்டும் விளையாட்டைத் திறப்பார். போகவேண்டிய கிரகத்தைக் காட்டிவிட்டு, கலம் தானாக ஓடுவதற்கான பட்டனை அமுக்குவார். போய்ச் சேர இருபது நிமிடமாகும். மற்றவர்கள் என்றால் அதற்குள் டீ குடிக்கப் போய்விடுவார்கள். இவரோ திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் பேசிக்கொண்டே இருப்பார். மக்காச்சோளத்தில் புழு விழுந்தது, கழுகுமலைத் தேர், ஏமாற்றிய மழை, எல்லாம் அந்தக் கலத்திடம்தான்.

ஒருநாள் எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"யார்கிட்ட அண்ணாச்சி பேசுதீங்க?"

"ஓட்டுதவன்ட்டதான். லாரியில பக்கத்துல இருக்கவன் பேசிக்கிட்டே வரணும். இல்லன்னா ஓட்டுதவன் அசந்துருவாம்லா."

"அது மிஷினு அண்ணாச்சி, தூங்காது. நீங்க வேணா செத்த நேரம் கண்ண மூடுங்க."

அவர் என் பக்கம் திரும்பவேயில்லை.

"எந்தம்பியும் இப்படித்தான் சொன்னான். 'எனக்குத் தூக்கம் வரல, நீ படுண்ணே'ன்னான். நானும் படுத்துட்டேன்."

மடங்கிய கையைத் தடவிக்கொண்டார். பிறகு திரையைப் பார்த்துக் குரலை உயர்த்தினார்.

"ஏலே, முழிச்சிருக்கியாலே?"

கலம் அன்றும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. அது என்றைக்கும் பத்திரமாகத்தான் சேரும். சேர்ந்ததும் அவர் முகம் ஏன் சுண்டிப்போகும் என்று அதுவரை எனக்கு விளங்கியதில்லை.