மெஷினுக்கு எதற்கு நாற்காலி?

எங்கள் கச்சேரிக் குழுவுக்கு ஸ்பீக்கர் வாங்க இன்று சாலை பஜாருக்குப் போனோம். கீபோர்டு வாசிக்கும் நானும், வயலின் வாசிக்கும் சுமதியும்.

கடைக்காரர் ஒரு பழைய டிஸ்கோ பாட்டைப் போட்டார். “எத்தன வயலின் பாத்தீங்களா!”

“ஒண்ணுகூட இல்ல. அம்புட்டும் ஸ்ட்ரிங் மெஷின், வயலின் சத்தம் போடுற கீபோர்டு. நாப்பது பேர் ஒரே நொடியில வில்ல எடுப்பாங்களா?” என்றேன்.

சுமதி கூர்ந்து கேட்டாள். “அது சரியாக்கும், கேட்டோ.”

அந்தத் தெம்பில் அடுத்த பாட்டையும் மெஷின் என்றேன். கடைக்காரர் சத்தத்தைக் கூட்டினார். பாட்டுக்குள்ளே, வயலின்களுக்கு நடுவே ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

“மெஷின் உக்கார கசேர வேணுமா அண்ணா?” என்றாள் சுமதி.

முதல் பாட்டைப் பற்றி நான் சொன்னது சொன்னதுதான். மறுப்பவர்கள் கீழே கமெண்டுக்கு வாருங்கள். உட்கார நாற்காலி இருக்கிறது.