இரண்டு மூட்டைப் புல்

2024 ஆகஸ்ட் 12, திங்கட்கிழமை. காலை 6.40க்கு வேலைக்கு வந்தேன். சம்ப் தண்ணீர் அளவு, ஜெனரேட்டர் டீசல், லிஃப்ட் இரண்டும் ஓடுகின்றனவா என்று பார்த்து லாக் புக்கில் எழுதினேன். ஏழு மணிக்கு ஆட்களுக்கு வேலை பிரித்தேன். பதினைந்தாம் தேதி சுதந்திர தினக் கொடியேற்றம் இருந்ததால் திங்கட்கிழமையே லான் வெட்டியாக வேண்டும்.

திருவேற்காட்டிலிருந்து மாங்காடு போகும் வழியில் உள்ள ஓர் அடுக்ககத்தில் நான் ஃபெசிலிட்டி சூப்பர்வைசர். இதே வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

வெட்டிய புல்லைக் குப்பை வண்டிக்காரர்கள் எடுக்க மாட்டார்கள். தோட்ட வேலை பார்க்கும் கன்னியம்மாதான் அதை வாரி இரண்டு மூட்டையாக வீட்டுக்கு எடுத்துப் போவார். எங்கள் பின்சுவரைத் தாண்டி மூன்றாவது வீடு அவருடையது. ஒரு செவலைப் பசு, அதன் ஒரு வயதுக் கிடேரி. பசு அப்போது எட்டு மாதச் சினை.

"கண்ணு போட்டா மொதோ சீம்பாலு உங்களுக்குத்தான் சார்" என்று அன்று காலைகூடச் சொன்னார்.

முந்தைய மாதம் கிளப் ஹவுஸ் பாத்ரூமிலிருந்து இரண்டு பித்தளைக் குழாய்கள் காணாமல் போயிருந்தன. செக்ரட்டரி கையெழுத்திட்ட கேட் பாஸ் இல்லாமல் எந்தப் பொருளும் வெளியே போகக் கூடாது என்று கமிட்டி முடிவு செய்தது. சர்க்குலர் எழுதியவன் நான். 'எந்தப் பொருளும்' என்ற சொல்லும், வாயால் சொல்லும் அனுமதி செல்லாது என்ற வரியும் நான் சேர்த்தவை.

பதினொன்றரை மணிக்கு, மூட்டைகளோடு வந்த கன்னியம்மாவை செக்யூரிட்டி செல்வம் கேட்டில் நிறுத்தினார்.

"அக்கா, பாஸ் கீதா?"

"இன்னாத்துக்கு?"

"மூட்டைக்கு."

"உள்ள கீறது புல்லுடா. அதுக்குக்கூடவா பாஸு? நாளிக்கு மூச்சு வுட்டுக்கினு வெளிய போனாலும் கையெழுத்து கேப்பீங்க போல."

செல்வம் சிரித்துவிட்டு, பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார். விடு என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். செக்ரட்டரி கோயம்புத்தூர் போயிருந்தார்.

"புதன்கிழமை வந்துடுவார். நானே கையெழுத்து வாங்கித் தரேன், கன்னியம்மா."

"புல்லு ரெண்டு நாளு நிக்காது சார்."

"பத்திரமா இருக்கும்."

புல் ஈரத்தோடு வெட்டியது. மூட்டை வாய்களை நானே இறுக்கிக் கட்டி, 'தோட்டக் கழிவு, 2' என்று சீட்டு ஒட்டி, பம்ப் ரூமில் வைத்தேன்.

புதன்கிழமை மாலை மூன்றரைக்குக் கையெழுத்து கிடைத்தது. கன்னியம்மா ஒரு மூட்டையை அவிழ்த்துக் கையை உள்ளே விட்டார்.

"சார், உள்ள சுடுதே."

"பம்ப் ரூம் சூடு. எடுத்துட்டுப் போங்க. பாஸ்ல ரெண்டு மூட்டைன்னு எழுதியாச்சு."

அவர் பாஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தூக்கிக்கொண்டு போனார். நான் அலைந்து வாங்கிவந்ததை எப்படி வேண்டாமென்பது என்று வாங்கிக்கொண்டாராம். காலையில் எருக்குழியில் கொட்டலாம் என்று வீட்டுச் சுவரோரம் பரப்பி வைத்திருக்கிறார். இரண்டு நாளாக வைக்கோலை மட்டும் தின்ற பசு, விடிவதற்குள் கயிற்றை அறுத்துக்கொண்டு போய் முக்கால்வாசியைத் தின்றுவிட்டது.

வியாழன் காலை 7.10க்குப் போன் வந்தது.

"சார், மாடு வவுறு உப்பிக்கினு கீது. நிக்க முடியல. டாக்டர் நம்பர் இருந்தா குடுங்க."

நம்பரைக் கொடுத்தேன். எட்டு மணிக்குக் கொடியேற்றம். நாற்காலிகளை எண்ணினேன், மைக்கைச் சோதித்தேன், மிட்டாய் கொடுத்து முடியும்வரை நின்றேன். அவர் வீட்டுக்குப் போனபோது மணி 9.05. மாட்டு டாக்டர் வாளித் தண்ணீரில் கை கழுவிக்கொண்டிருந்தார். பசு காலை நீட்டிக் கிடந்தது. வயிற்றிலிருந்த கன்றும் போய்விட்டது என்றார்.

"புல்ல மூட்டையில கட்டி வெச்சது யாரு? உள்ளயே புளிச்சு சூடேறிப் போயிருக்கு."

"நான்தான் சார்" என்றேன்.

கன்னியம்மா தலை நிமிராமல் சொன்னார்: "அவருக்கு இன்னா தெரியும் டாக்டரே. அவரு மாடு வெச்சிக்கினா கீறாரு?"

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். பக்கத்து மனையில் வீடு கட்டுகிறவர்களின் ஜேசிபி டிரைவர் வந்து, வீட்டுக்குப் பின்னால் குழி தோண்டிக் கொடுத்தார். குழி மூடும்வரை கிடேரி கத்திக்கொண்டே இருந்தது.

இப்போது எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வெட்டிய புல் மாட்டுக்கென்றால் அன்றைக்கே போக வேண்டும். திறந்த கூடையில், வைக்கோலோடு கலந்து, கொஞ்சமாக. மருந்து அடித்த லான் புல்லைத் தரவே கூடாது. செடிக்கு மூடாக்காகப் போடுவதென்றால் ஒரு நாள் காயவைத்து, தண்டைத் தொடாமல், இரண்டு அங்குலத்துக்குள் பரப்புங்கள். மக்க வைப்பதென்றால் ஒரு பங்கு புல்லுக்கு இரண்டு பங்கு காய்ந்த இலை. எதற்கானாலும் மூட்டையில் கட்டாதீர்கள். இதெல்லாம் யாரிடம் கேட்டாலும் தெரியும். நான் கேட்கவில்லை. என்னிடம் ஒருவர் சொன்னார், அதையும் கேட்கவில்லை. விதி எழுதுகிறவர்கள், காத்திருக்க முடியாத பொருள் எது என்று முதலில் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கே போய், லானில் மெஷின் போகாத ஓரங்களை அரிவாளால் அறுத்தேன். ஒரு கூடை வந்தது. கிடேரிக்குக் கொடுக்கலாம் என்று எடுத்துப் போனேன். செல்வம் எதுவும் கேட்காமல் கேட்டைத் திறந்துவிட்டார்.

கன்னியம்மா வாசல் பெருக்கிக்கொண்டிருந்தார். "கெடேரி இல்ல சார். நேத்து சாயங்காலமே எங்க அண்ணன் நெமிலிச்சேரிக்கு ஓட்டிக்கினு போய்ட்டாரு. தாய தேடிக்கினு ஒரே கத்து."

கூடையோடு நின்றேன்.

"கொண்டாங்க" என்று வாங்கிக்கொண்டு வீட்டின் பின்பக்கம் நடந்தார். புது மண்மேடு அங்கே இருந்தது. "மழ வந்தா கரைஞ்சிடும். நாய்ங்க வேற தோண்டும்" என்றார்.

ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து, கட்டி சேராமல் புல்லைப் பரப்பினோம். கூடை காலியானபோது மேட்டில் பாதிதான் மூடியிருந்தது.