இன்ஜினில் வைத்த கை

என் அப்பா யாரையும் நம்பமாட்டார். எங்கள் தீவின் ஹேடோ துறைமுகத்தில் சரக்கு இறக்கும் இடத்தில் வேலை. மெயின்லேண்டிலிருந்து வரும் பெட்டிகளில் பாதி நசுங்கியும் மீதி துருப்பிடித்தும் வருவதைப் பார்த்துப் பார்த்து மனுஷன் அப்படி ஆகிவிட்டார். பால்காரர் எதிரிலேயே பாலை முகர்ந்து பார்ப்பார்.

புரோத்ராபூரில் இருந்த எங்கள் துண்டு நிலத்துக்கு டிராக்டர் வாங்குவது என்று முடிவானபோது கேட்கவா வேண்டும்! அம்மாவுக்குச் சின்ன வண்டி வேண்டும். அப்பா டியூட்டிக்குப் போனபின் நிலத்தைப் பார்ப்பது அவள்தான். வாடகை டிராக்டருக்குக் காத்திருந்தே இரண்டு முறை விதைப்பு தள்ளிப்போயிருந்தது. அப்பாவோ பெரிய வண்டி வாங்கி, டிரைவர் வைக்கலாம் என்றார்.

"நீ ஓட்டப்போறியாக்கும்? கிளச்சு எட்டுமா உனக்கு?" என்று சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

வண்டி பழுதுபார்க்கும் வங்காளி மிஸ்திரி ஒருவர் தன் சின்ன டிராக்டரை விற்பதாகத் தெரியவந்தது. சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு நேரே அங்கே வந்து பார்ப்பதாக அப்பா சொன்னார். அம்மா பத்து மணிக்கே என்னையும் இழுத்துக்கொண்டு போய்விட்டாள். புடவையைத் தூக்கிச் செருகி ஏறி உட்கார்ந்தாள். கிளச் எட்டியது! மிஸ்திரி சொல்லச் சொல்ல வயலில் மூன்று சுற்று ஓட்டினாள். அடேயப்பா, அம்மா முகத்தில் அப்படியொரு திமிரை நான் பார்த்ததே இல்லை. வண்டியைக் கொட்டகையில் விட்டு இறங்கி வியர்வையைத் துடைப்பதற்குள் அப்பா வந்து நின்றார். சொன்ன நேரத்துக்கு முன்பே போய் ஆளைப் பிடிப்பது அவர் வழக்கம்.

"நீங்க எப்போ வந்தீங்க?" என்று எங்களைக் கேட்டார்.

"இப்பத்தான்," என்றாள் அம்மா. மிஸ்திரி கூரையைப் பார்த்தார்.

அப்பா பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்தார். எங்கள் உப்புக்காற்றில் அரித்த தகரத்தின் மேல் பட்டி பூசி, பெயின்ட் அடித்துத் தலையில் கட்டிவிடுவார்கள். பட்டியில் காந்தம் ஒட்டாது. மட்கார்டு முழுக்க வைத்துப் பார்த்தார். ஒட்டியது. இவ்வளவு நன்றாக ஒட்டுகிறதே என்று அதற்கும் சந்தேகப்பட்டார். ஆயிலைத் தொட்டு முகர்ந்தார்.

"ஏக்தம் பக்கா காடி, பாய்சாப்," என்று வண்டியைப் புகழ்ந்தார் மிஸ்திரி.

அப்பா என் காதருகே குனிந்தார். "விளையாடுற மாதிரி போய் இன்ஜின்ல கை வை. சூடா இருந்தா, நாம வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்கான்னு அர்த்தம். குளிர்ந்து கிடந்தா கிளம்பாத வண்டி அது. அப்புறம் பேச்சே வேண்டாம், போயிடலாம்."

அம்மாவுக்கும் அது கேட்டது. அவள் முகம் செத்துப்போனது.

கை வைத்தேன். சுரீரென்றது. உண்மையைச் சொன்னால் வண்டி போச்சு. அம்மா ஓட்டினாள் என்றால் வீட்டில் பெரிய ரகளை.

"ஜில்லுனு இருக்குப்பா," என்று சொல்லிவிட்டுக் கையைப் பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டேன்.

அப்பா என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார்; செருகிய புடவையை அவள் இன்னும் இறக்கிவிடவில்லை. பிறகு இன்ஜினுக்குப் பக்கத்தில் போனார். தொடப்போகிறார், தொலைந்தோம் என்று நினைத்தேன். அவர் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு தொடாமலே நின்றார். அப்புறம் மிஸ்திரியிடம் சாவியை வாங்கி அம்மாவிடம் நீட்டினார்.

"ஏறு. நீ எப்படி ஓட்டுறேன்னு நானும் பார்க்கிறேன்."

யாரையும் நம்பாத அப்பாவை ஒரே பொய்யில் கவிழ்த்துவிட்டேன் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன், லூசு மாதிரி.