அடர்ந்த தாடியும் இல்லாத மகளும்

இது நடந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. காரைக்குடியில் வாடகை வீடு. கல்யாணமாகி ஆறு வருடம் முடிந்திருந்தது, குழந்தை இல்லை.

நான் தனியார் சர்வேயர். நேமத்தான்பட்டி, கொத்தமங்கலம் பக்கம் பெரிய வீடுகளைப் பங்காளிகள் பாகம் பிரிக்கும்போது அளந்து கொடுப்பேன். வரப்புத் தகராறு என்றால் சிங்கம்புணரி வரைக்கும் போவேன். நாள் முழுக்க வெயிலில் நிற்கிற வேலை, அதில் எனக்குச் சடைவு வந்ததே கிடையாது. ஆனால் அந்த வருடம் மதியம் பன்னிரண்டு ஆனாலே உடம்பு துவண்டுவிடும். சவரம் வாரத்துக்கு ஒரு தடவை போதும் என்றானது. இரவு மனைவி பக்கத்தில் இருந்தாலும் எப்போது தூங்குவோம் என்றுதான் இருக்கும். சுகர் பார்த்தேன், தைராய்டு பார்த்தேன், எல்லாம் சரி. கடைசியில் மதுரையில் ஒரு டாக்டர் காலையில் வெறும் வயிற்றில் இரண்டு முறை ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஆண் ஹார்மோன் குறைவாக இருக்கிறது, டெஸ்டோஸ்டீரோன் ஊசி போட்டால் சரியாகும் என்றார்.

மருந்துச் சீட்டு எழுதுவதற்கு முன்னால் பேனாவைப் பிடித்தபடியே, "குழந்தைங்க இருக்காங்களா?" என்று கேட்டார்.

இங்கே என் கெட்ட பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கம் ஒருவரோடு ஐந்து நிமிஷம் பேசினால் போதும், ஆறாவது நிமிஷம் "விசேஷம் ஏதும் உண்டா?" என்று கேட்டுவிடுவார்கள். இல்லை என்றால் ஒருவர் கோயில் சொல்வார், ஒருவர் லேகியம் சொல்வார், இன்னொருவர் ஜாதகத்தைக் கொண்டு வா என்பார். என் தொழிலில் ஒரு வீட்டை அளக்கப் போனால் பத்துப் பங்காளிகள் இருப்பார்கள், பத்துப் பேரும் கேட்பார்கள். எனக்குச் சட்டென்று கோபம் வருகிற சுபாவம் வேறு. அதனால் தெரியாதவர்கள் கேட்டால் சொல்வதற்கென்று ஒரு பதில் வைத்திருந்தேன். "ஒரு பொண்ணு. யு.கே.ஜி. படிக்கிறா." அவ்வளவுதான், பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

டாக்டரிடமும் வாய் தன்னால் அதையே சொல்லிவிட்டது. இன்னொரு குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறதா என்று கேட்டார். ஒன்று போதும் சார் என்றேன். "சரி, அப்ப பிரச்சினை இல்ல" என்று எழுத ஆரம்பித்தார். என்ன பிரச்சினை என்று கேட்டிருக்கலாம். இல்லை, சொன்னது பொய் சார் என்றாவது சொல்லியிருக்கலாம். முதல் பொய்யை ஒத்துக்கொள்ள வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டேன்.

மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி. காரைக்குடியிலேயே ஒரு சின்ன கிளினிக்கில் நர்ஸ் அக்கா ஒருவர் போட்டுவிடுவார். நான் எதையும் அளந்து பார்க்கிற ஆள் இல்லையா, என் உடம்பையும் விடவில்லை. வயல் அளவு குறிக்கிற நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுத ஆரம்பித்தேன்.

முதல் இரண்டு வாரம் எழுத ஒன்றும் இல்லை. மூன்றாவது வாரம், விடியும்போது உடம்பு பழையபடி விழித்துக்கொள்வதைக் குறித்தேன். ஆண்களுக்குப் புரியும். இரண்டாவது மாதம் முகத்தில் எண்ணெய் வழிந்தது, முதுகில் பரு வந்தது. பத்தாவது படிக்கிற பையனுக்கு வருகிற பரு இந்த வயதில் வந்திருக்கிறதே என்று மனைவி கேலி செய்தாள். வியர்வை வாசனைகூட மாறிவிட்டது என்றாள். சட்டையை மோந்து பார்த்தேன், உண்மைதான். நான்காவது மாதம் புஜத்தில் டேப் வைத்துப் பார்த்தால் முக்கால் அங்குலம் கூடியிருந்தது. இரண்டு இட்லியோடு எழுந்தவன் ஆறு சாப்பிட்டேன். தாடி அடர்ந்து, ஒருநாள் விட்டு ஒருநாள் சவரம் செய்ய வேண்டியதாயிற்று. என்ன சார், தாடி பிளேடைத் திங்குது என்று சலூன்காரர் அலுத்துக்கொண்டார். எனக்கு அதைக் கேட்கக் கேட்க ஆனந்தம். கண்ணாடி முன்னால் நான் நின்ற நேரத்தை இப்போது நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது.

வீட்டில் எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் வேறு. நானும் மனைவியும் மறுபடி புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் மாதிரி இருந்தோம். இனிமேல் கட்டாயம் நடக்கும் என்று அவள் நம்பினாள். மாதா மாதம் நாள் எண்ணினாள். நாலு நாள் தள்ளிப் போனால் முகமே மாறிவிடும். அப்புறம் ஒருநாள் விடியற்காலையிலேயே எழுந்து துணி துவைப்பாள், இந்த மாதமும் இல்லை என்று நான் புரிந்துகொள்வேன்.

நோட்டில் நான் எழுதாத மாற்றம் ஒன்றே ஒன்று உண்டு. குளிக்கும்போது கவனித்தேன், விதைகள் முன்னைவிடச் சிறுத்திருந்தன. ஊசியினால் இப்படியும் இருக்கும் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். பிடித்ததை எல்லாம் எழுதியவன் பிடிக்காததை எழுதவில்லை.

எட்டாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவகோட்டையில் ஒரு கல்யாணம். போகிற வழியில் ஊசியைப் போட்டுக்கொண்டு போகலாம் என்று மனைவியையும் கிளினிக்குக்குள் அழைத்துப் போனேன். நர்ஸ் அக்கா அவளை அன்றுதான் பார்க்கிறார். ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டே, "என்னம்மா, விசேஷம் ஏதும் உண்டா?" என்று கேட்டார்.

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ. "அக்கா, நீங்க ஊசி போடுற வேலைய மட்டும் பாருங்க" என்று சொல்லிவிட்டேன். மனைவிக்குச் சங்கடமாகிவிட்டது. சமாளிக்கிறதாக நினைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: "இல்லக்கா, ஆறு வருஷமாச்சு. இந்த ஊசி போட்டதுல இருந்து இவுகளுக்கு உடம்பு தேறியிருக்கு. இனிமே சாமிதான் கண்ணு தொறக்கணும்."

நர்ஸ் அக்கா ஊசியைத் தட்டில் வைத்துவிட்டார். நான் பேசிய பேச்சுக்குக் கோபித்துக்கொண்டார் என்றுதான் நினைத்தேன்.

"புள்ளையே இல்லையா? புள்ளை வேணும்னு இருக்கீக, அப்புறம் எதுக்குத் தம்பி இந்த ஊசிய போட்டுக்கிறீக? வெளிய இருந்து மருந்து போச்சுன்னா உள்ள நடக்கிற வேலை நின்னுபோகும். உயிரணு குறைஞ்சிரும். நான் முன்ன இருந்த ஆஸ்பத்திரியில பாத்திருக்கேன். டாக்டர்ட்ட சொன்னீகளா, இல்லையா?"

மனைவி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இன்னைக்கு நான் போட மாட்டேன். டாக்டர பாத்துட்டு வாங்க. என் மேல கோவிச்சாலும் சரி" என்று சொல்லி மருந்தைக் கொட்டிவிட்டார்.

கல்யாணத்துக்குப் போகவில்லை. மறுநாள் காலை மதுரை பஸ். குழந்தை வேண்டும் என்று மனைவி சொன்னதும் டாக்டர் ஃபைலைத் திறந்து படித்தார், என்னைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். "உங்களுக்கு ஒரு பொண்ணு இருக்கு, யு.கே.ஜி. படிக்கிறான்னு சொல்லியிருக்கீங்களே?" என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் மாட்டிக்கொண்டேன். மனைவி என் பக்கம் திரும்பினாள். என் வாழ்க்கையில் அவ்வளவு கேவலமாக நான் எப்போதும் உணர்ந்ததில்லை.

அன்றைக்கே பரிசோதனை செய்தார்கள். உயிரணு ஒன்றுகூட இல்லை. ரத்தத்தில் ஹார்மோன் தாராளமாக இருப்பதைப் பார்த்து, இனி நீ உழைக்க வேண்டாம் என்று மூளை விதைக்குச் சொல்லிவிடுமாம். விதை சிறுத்ததும் அதனால்தான். ஊசியை நிறுத்திவிட்டு வேறு மாத்திரை எடுத்தால் பெரும்பாலோருக்குத் திரும்ப வந்துவிடும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும், உறுதி சொல்ல முடியாது என்றார். உண்மையைச் சொல்லியிருந்தால் ஊசிக்கு முன்பே பரிசோதனை செய்திருப்பாராம். இப்போது எனக்கு முதலில் எவ்வளவு இருந்தது என்பதும் தெரியாது. எல்லைக் கல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டு எல்லை தேடுகிறவன் கதைதான். டாக்டர் திட்டவே இல்லை, திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

திரும்பி வரும்போது பஸ் மேலூர் தாண்டியது. மனைவி ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, "அந்தப் பொண்ணுக்கு என்ன பேரு வச்சிருக்கீக?" என்று கேட்டாள்.

பேரெல்லாம் வைக்கவில்லை என்றேன்.

"யு.கே.ஜி. வரைக்கும் படிக்க வச்சீக, ஒரு பேரு வைக்கலையா" என்றாள். கேலி மாதிரிதான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். கண்டக்டர் கவனித்துவிட்டு மெதுவாக முன்பக்கம் போய்விட்டார். நானும் அழுதேன் என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஊசியை நிறுத்தியதும் வந்ததெல்லாம் வந்த வழியே போயிற்று. முதலில் சோர்வு திரும்பியது. புஜம் இறங்கியது, தாடி அடங்கியது, சலூன்காரர் சந்தோஷப்பட்டார். உடம்பு இறங்குவதையும் நோட்டில் எழுதினேன், இந்த முறை எதையும் விடாமல். நர்ஸ் அக்காவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். இதுக்கெல்லாமா வருவாக என்று சொல்லிவிட்டு, ரத்த அழுத்தம் பார்க்க அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவர் கேட்ட அந்தக் கேள்வியை ஆறு வருடமாக எத்தனையோ பேர் கேட்டபோது எரிந்து விழுந்திருக்கிறேன், இல்லையென்றால் பொய் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அவர் கேட்டிருக்காவிட்டால் இன்னும் எத்தனை மாதம் குத்திக்கொண்டிருப்பேனோ.

பதினான்கு மாதத்துக்குப் பிறகு ரிப்போர்ட்டில் எண்ணிக்கை தெரிந்தது. குறைவுதான், ஆனாலும் முயற்சி செய்யலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். குழந்தை இன்னும் இல்லை. மதுரைக்கு இப்போது மனைவி இல்லாமல் நான் போவதில்லை. டாக்டர் என்னை எதைக் கேட்டாலும், நான் சொன்ன பிறகு ஒரு தரம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறார். அவளும் உடனே தலையாட்டுவதில்லை, கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் ஆட்டுகிறாள். உடம்பில் நின்றுபோனது பதினான்கு மாதத்தில் திரும்ப ஆரம்பித்துவிட்டது, அவள் யோசிக்காமல் தலையாட்டுகிற நாள் வர அதைவிட அதிக நாளாகும் என்று தெரிந்தேதான் காத்திருக்கிறேன்.